பரணில் இருந்து இறக்கியதெல்லாம் எங்கே போனது

வீட்டைக் காலி செய்யப் போகிறோம் என்றால் முதல் போன் பழைய இரும்புக்கடைக்குத்தான் போகும். நான் அவரைக் கடைசியில் கூப்பிட்டேன். அவர் முதலில் வந்தால் டிவி, பேட்டரி, டியூப்லைட், ஒயர் எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு விலை பேசி ஏற்றிக்கொண்டு போய்விடுவார், நமக்கும் ஒரே நாளில் இடம் காலியாகிவிடும். ஆனால் அந்த வண்டி தெருமுனை திரும்பிய பிறகு அதில் எது யார் கையில் உடைபடுகிறது, எந்த மண்ணில் கொட்டப்படுகிறது என்பது நம் கண்ணில் படாது.

திருச்சி புத்தூரில் அப்பா கட்டிய வீடு. அப்பா போன பிறகு அம்மா தம்பியோடு இருப்பது என்று முடிவாகி, வீட்டை விற்க ஏற்பாடு ஆனது. பரண் இரண்டு, மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை, பின்பக்கம் ஒரு கொட்டகை, நாற்பது வருடத்துச் சேகரிப்பு. எதை எப்படிப் பிரித்தேன், எது எங்கே போனது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் ஊரில் ஏற்பாடுகள் கொஞ்சம் மாறலாம், முறை பெரும்பாலும் இதுதான்.

ஒவ்வொரு பொருளையும் கையில் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டேன்: இதை அடுத்து தொடப்போவது யார்? காலையில் பேட்டரி வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர் அக்காவா, இரும்புக்கடையில் சுத்தியலோடு உட்கார்ந்திருக்கும் பையனா, குப்பை மேட்டில் பாட்டில் பொறுக்குபவரா, தெருவில் பிளாஸ்டிக் பையைக் கிழித்துத் தின்னும் மாடா? எவ்வளவு காசு கிடைக்கும் என்ற கணக்கை இதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்தக் கேள்வியில் தேறாத பொருட்களை முதலில் தனியாக ஒதுக்கினேன்.

பரணில் ஏறும் முன் ஒரு விஷயம். எலிப் புழுக்கை கிடக்கும் பரணை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டாதீர்கள், அந்தத் தூசி நேராக மூக்குக்குள் போகும். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரைத் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் வழித்து எடுங்கள். கையில் ரப்பர் கையுறை, முகத்தில் என்95 மாஸ்க். ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். பரணில் இருந்து இறக்குபவரும் கீழே வாங்கி வைப்பவரும் வேறு வேறு ஆளாக இருந்தால் நல்லது. எடுத்ததை அங்கேயே பிரித்துப் பார்க்கும் ஆசை வரும், அதை அடக்குங்கள். கூடத்தில் பழைய போர்வையை விரித்து எல்லாவற்றையும் பரப்பிய பிறகுதான் பிரிக்க வேண்டும்.

நாள் அதிகம் பிடித்தது மருந்துகள்தான். அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கடைசியில் முழங்கால் அறுவை சிகிச்சை. பீரோவில் ஒரு முழுத் தட்டு மருந்து இருந்தது. பழைய மாத்திரை அட்டைகளைக் கையில் எடுத்தாலே அம்மாவுக்கு மனசு வரவில்லை.

"இதெல்லாம் அவ்வளவு விலை குடுத்து வாங்குனதும்மா. எதிர்வீட்டுப் பாட்டிக்கும் பிரஷர்தானே, அவங்களுக்குக் குடுத்துடேன்."

"அம்மா, அவங்க சாப்பிடுற மாத்திரை வேற, அளவு வேற. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா?"

இது எங்கள் வீட்டுப் பேச்சு மட்டும் இல்லை, பல வீடுகளில் நடப்பதுதான். ஒருவருக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுப்பது உதவி ஆகாது. முக்கியமாக ஆன்டிபயாட்டிக். பாதிக் கோர்ஸ் மிச்சம் இருக்கிறதே என்று யாராவது காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்வார்கள், கிருமி சாகாமல் மருந்துக்குப் பழகிப்போகும். இன்னும் காலாவதி ஆகாத, முழுசாக இருந்த அட்டைகளை மட்டும் எங்கள் குடும்ப டாக்டரிடம் எடுத்துப்போய்க் காட்டினேன். அவர் பார்த்துச் சிலவற்றை வைத்துக்கொண்டார், மற்றதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திறந்த டானிக் பாட்டில், கண் சொட்டு மருந்து, பிரிட்ஜில் வைக்காமல் கிடந்த இன்சுலின், இவற்றில் தேதி மிச்சம் இருந்தாலும் யாருக்கும் கொடுக்கக் கூடாது.

மிச்சத்தை இப்படிச் செய்தேன். மாத்திரைகளை அட்டையில் இருந்து பிரித்து ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். அட்டையோடு குப்பையில் போட்டால் அதை எடுத்துத் துடைத்து மறுபடி விற்கவும் ஆள் உண்டு, குப்பையில் கிடைத்ததை மிட்டாய் என்று வாயில் போடும் குழந்தையும் உண்டு. பொடி பண்ணவில்லை, பொடி பண்ணினால் தூள் பறந்து நம் மூக்கிலேயே ஏறும். அதன் மேல் டீ வடிகட்டிய சக்கையையும் கொஞ்சம் மண்ணையும் கொட்டி, சிரப்பையும் அதிலேயே ஊற்றிக் கிளறினேன். வாயில் வைக்க முடியாதபடி ஆகிவிடும். மூடியை டேப் போட்டு ஒட்டி, மேலே கொட்டை எழுத்தில் 'காலாவதி மருந்து' என்று எழுதி, அபாயக் குப்பை என்று தனியாகக் கொடுத்தேன். மருந்துப் பெட்டிகளிலும் சீட்டுகளிலும் அப்பா பெயர், வயது, டாக்டர் விவரம் எல்லாம் இருந்தன, அவற்றைக் கிழித்துவிட்டேன். ஆஸ்துமாவுக்கு அடிக்கும் இன்ஹேலரைக் குத்தவோ எரிக்கவோ கூடாது, உள்ளே அழுத்தத்தில் வாயு இருக்கும், வெடிக்கும்.

கழிவறையில் கொட்டி ஃப்ளஷ் செய்யலாமா என்று பலர் கேட்பார்கள். பொதுவாகக் கூடாது. எங்கள் பக்கத்துச் சாக்கடைத் தண்ணீர் உய்யக்கொண்டான் வாய்க்காலில் கலப்பதை நாங்கள் சின்ன வயதில் இருந்து பார்க்கிறோம், அதே வாய்க்கால்தான் கீழே போய் வயலுக்குப் பாய்கிறது. ஆனால் இதற்கு ஒரு விலக்கு உண்டு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 17 மருந்துகளை மட்டும் ஃப்ளஷ் செய்துவிடச் சொல்லியிருக்கிறது. டிரமடால், டாபென்டடால், மார்ஃபின், ஃபென்டனில், டயசெபம் போன்றவை அதில் வருகின்றன. இவற்றைத் தவறான ஆள் ஒரு தடவை விழுங்கினாலே உயிருக்கு ஆபத்து, போதைக்காகத் தேடி எடுப்பவர்களும் உண்டு. அந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் கலப்பது பரவாயில்லை என்ற கணக்கு. அப்பாவின் முழங்கால் வலிக்குக் கொடுத்த டிரமடால் ஓர் அட்டை மிச்சம் இருந்தது, அதை மட்டும் அப்படிச் செய்தேன். வேறு எதையும் செய்யவில்லை.

கேரளாவில் வேண்டாத மருந்துகளை வீட்டில் இருந்து திரும்ப வாங்கிக்கொள்ளும் என்ப்ரவுட் என்ற திட்டத்தை 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கினார்கள். மருந்துக்கடை வாசலிலேயே ஒரு பெட்டி இருந்தால் இவ்வளவு வேலையும் மிச்சம். ஒவ்வொரு ஊரிலும் அது வந்தே ஆக வேண்டும்.

அடுத்து இன்சுலின் ஊசிகள். அப்பா ஒவ்வொரு ஊசியையும் மூடி போட்டு ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். அந்த மூடிகள் லேசாகத் தட்டினாலே கழன்றுவிடும். தூய்மைப் பணியாளர்கள் குப்பையைக் கையால் அழுத்தித் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த உள்ளங்கையில் ஏறும் ஊசி ஹெபடைடிஸ் பி-யையோ எச்.ஐ.வி-யையோ கொண்டு போகலாம். துணி துவைக்கும் லிக்விட் வரும் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டில்தான் இதற்குச் சரி. பால் கவர், தண்ணீர் பாட்டில் எல்லாம் ஆகாது, ஊசி துளைத்து வெளியே வரும். முக்கால் பங்குதான் நிரப்பினேன், மூடியை இறுக்கி டேப் சுற்றி, 'ஊசி, திறக்காதீர்கள்' என்று இரண்டு பக்கமும் எழுதினேன். பாட்டிலைக் கொடுக்கும்போது வாயாலும் சொன்னேன். அக்கா அதை வண்டியில் மற்றக் குப்பையோடு போடாமல் முன்பக்கம் தனியாக மாட்டிக்கொண்டார். "எல்லாரும் இப்படிச் சொல்லிக் குடுத்தா எங்க கை தப்பிக்கும்" என்றார்.

அப்பாவின் மேஜை டிராயரில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இரண்டும், பீரோவுக்கு மேலே பாதரச ரத்த அழுத்தக் கருவி ஒன்றும் இருந்தன. தெர்மாமீட்டரில் பாதரசம் ஒரு கிராம் வாக்கில்தான் இருக்கும், ரத்த அழுத்தக் கருவியில் 100 கிராமைத் தாண்டும். பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும், கண்ணுக்குத் தெரியாது, வாசமும் வராது. மூச்சு வழியாக உள்ளே போய் நரம்புகளையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

இதை இரும்புக்கடைக்குப் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கொடைக்கானலை நினைவுபடுத்துவேன். அங்கே இருந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலையில் இருந்து பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கடைக்குப் போயிருந்ததை 2001-ல் மக்களே கண்டுபிடித்தார்கள். அதே வருடம் தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கு வேலை பார்த்த 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு வர 2016 ஆனது. கடைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி எடை. நம் வீட்டில் இருந்து போவது ஒரு கிராம்தானே என்றால், அதைத் தொடும் பையனுக்கு அந்த ஒரு கிராமும் உடம்புக்குள் போவதுதான்.

ரத்த அழுத்தக் கருவியை நிமிர்த்தியபடியே வைத்து, குழாயின் அடியில் இருக்கும் பூட்டுத் திருகை மூடினேன் (பல மாடல்களில் கருவியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பாதரசத்தைத் தொட்டிக்குள் இறக்கிய பிறகுதான் பூட்ட வேண்டும்). அதை ஒரு கெட்டிப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை மூடி உள்ள வாளிக்குள் வைத்து, சுற்றிலும் பழைய துணி அடைத்தேன். தெர்மாமீட்டர்களைத் தடித்த பிளாஸ்டிக் குழாய் டப்பாவில் போட்டு அதே வாளியில் சேர்த்தேன். பாதரசத்தோடு எந்த உலோகப் பாத்திரமும் வேண்டாம், அலுமினியமும் தங்கமும் உடனே கெட்டுப்போகும். கையில் மோதிரம் வளையல் இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள்.

டியூப்லைட்டும் சி.எஃப்.எல். பல்பும் இதே குடும்பம்தான். ஒரு சி.எஃப்.எல். பல்பில் 5 மில்லிகிராம் அளவுக்குப் பாதரசம் இருக்கலாம். எல்.இ.டி. வந்த பிறகு கழற்றிய பழைய டியூப்கள் ஒரு கட்டாகப் பரணில் கிடந்தன. இறக்கும்போது, ஏற்கெனவே விரிசல் விட்டிருந்த ஒன்று கையில் எடுத்ததும் நொறுங்கியது. உடனே மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்தோம். திரும்பிப் போய் இரண்டு காலண்டர் அட்டைகளால் கண்ணாடியை வழித்து எடுத்தேன், வெள்ளைப் பொடியை அகல டேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தேன், கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைத்தேன். அட்டை, டேப், காகிதம் எல்லாவற்றையும் மூடி உள்ள கண்ணாடி ஜாடியில் அடைத்து வெளியே வைத்தேன். துடைப்பமும் வேக்குவம் கிளீனரும் கூடவே கூடாது, அவை பாதரசத்தை வீடு முழுக்கப் பரப்பிவிடும். உடையாத டியூப்களைப் புது டியூப் வந்த அட்டை உறையில் போட்டோ, செய்தித்தாளில் சுற்றியோ, நிற்க வைத்துக் கட்டிக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் யாரிடம் கொடுப்பது? 2016-ல் வந்து 2026 மார்ச் வரை நடைமுறையில் இருந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டு அபாயக் குப்பையைத் தனியாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் அதை வாங்கி வைக்கும் மையத்தை உள்ளாட்சி அமைப்பு ஏற்படுத்த வேண்டும் என்றும் அதிலேயே இருந்தது. தினமும் வரும் பணியாளரிடம் கேட்டால் எப்போதும் பதில் கிடைக்காது, அது அவர் தவறும் இல்லை. வார்டு மேஸ்திரியிடம் கேளுங்கள், அவர் கைகாட்டும் சுகாதார ஆய்வாளரிடம் பேசுங்கள். "என்னிடம் பாதரசக் கருவியும் டியூப்லைட்டும் இருக்கின்றன, எங்கே கொண்டு வந்து தரட்டும்" என்று பொருளின் பெயர் சொல்லிக் கேட்டதும் எனக்கு வழி கிடைத்தது. பொதுவாக "குப்பை இருக்கிறது" என்றால் வண்டியில் போடச் சொல்லிவிடுவார்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வருகிறேன். இதில் கடைக்காரரே போட்டி போட்டு வாங்கிக்கொள்வார், ஏனென்றால் எடையில் பாதிக்கு மேல் ஈயம். அதனால்தான் யாரிடம் கொடுக்கிறோம் என்பது இங்கே ரொம்ப முக்கியம். சில இடங்களில் பேட்டரியைக் கோடாரியால் பிளந்து, கந்தக அமிலத்தை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, ஈயத் தட்டுகளைத் திறந்த அடுப்பில் உருக்குகிறார்கள். அந்தப் புகையும் மண்ணும் சுற்றுவட்டாரக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும், ரத்தத்தில் ஈயம் ஏறினால் அந்தச் சேதத்தைத் திருப்ப முடியாது. 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, விற்கும் நிறுவனம்தான் பழைய பேட்டரியைச் சேகரித்து முறையான மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை ஏற்க வேண்டும். இரும்புக்கடையில் நூறு இருநூறு கூடக் கிடைத்தாலும், பேட்டரி விற்கும் டீலரிடமே கொடுத்து ரசீது வாங்குங்கள்.

கழற்றும் முறை: இன்வெர்ட்டரை அணைத்து, கரன்ட் பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். முதலில் நெகட்டிவ் ஒயர், அப்புறம் பாசிட்டிவ். ஸ்பேனர் இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் தொட்டால் பெரிய தீப்பொறி வரும், அதனால் ஸ்பேனர் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொண்டேன். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பேட்டரியைச் சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்க வேண்டும், 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், ஒருவர் தூக்கும் சமாசாரம் இல்லை. எங்கள் பேட்டரி வைத்திருந்த இடத்தில் மொசைக் தரை வெளுத்து, சிமென்ட் பொரிந்து போயிருந்தது. அதில் சமையல் சோடாவைத் தூவினேன். நுரை பொங்கியது, அடங்கும் வரை மறுபடி மறுபடி தூவி, பிறகுதான் தண்ணீர் விட்டுக் கழுவினேன். நுரை வந்தது என்றால் அவ்வளவு நாளும் அமிலம் அங்கே இருந்தது என்று அர்த்தம்.

டிவி. 2006-க்குப் பிறகு ஐந்து வருடத்தில் தமிழ்நாட்டு அரசு ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குல இலவசக் கலர் டிவி கொடுத்தது, எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று வேலைக்கார அம்மாவுக்காக வாங்கி வைத்து, அவர் எல்.இ.டி. டிவி வாங்கியதும் பரண் ஏறிவிட்டது. இப்படி எத்தனை பரண்களில் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெட்டி டிவியின் பின்பக்கக் கண்ணாடிக் கூம்பில் ஈயம் கலந்திருக்கும், திரையின் உள்பக்கம் ஒரு பொடி பூசியிருக்கும். படக்குழாயின் உள்ளே வெற்றிடம், தப்பான இடத்தில் அடித்தால் கண்ணாடி உள்வாங்கி வெடித்துச் சிதறும். அணைத்த பிறகும் குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம், அதனால் மூடியைக் கழற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம்.

இதைப் பற்றி எங்கள் தெருவுக்கு வழக்கமாக வரும் இரும்புக்கடை அண்ணனிடமே கேட்டேன். மறைக்காமல் சொன்னார்: "டிவியில செம்புக் கம்பிக்குத்தான் தங்கச்சி காசு. கண்ணாடியை வச்சுக்கிட்டு என்ன செய்ய? உடைச்சு எங்கயாவது போட்டுடுவோம்." ஒயர்களுக்கும் அதே கதைதான். மேலே இருக்கும் பி.வி.சி. உறையைச் சீவ நேரம் ஆகும், அதனால் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். அந்தக் கறுப்புப் புகையில் டையாக்சின் இருக்கும், புற்றுநோய் வரவைக்கும் பொருள். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஊரில் பாதிப் பொருள் மறுசுழற்சிக்குப் போவதே இவரைப் போன்றவர்களால்தான். அவருக்கு ஆபத்து இல்லாததை மட்டும் அவரிடம் கொடுப்பது நம் வேலை.

மின்னணுக் கழிவுக்கு 2023 ஏப்ரலில் இருந்து புது விதிகள் நடைமுறையில் இருக்கின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அங்கீகரித்தவர்களின் பட்டியல் இருக்கிறது, மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். நடைமுறைச் சிக்கல் என்னவென்றால் ஒரு டிவிக்கும் ஒரு மிக்சிக்கும் அவர்கள் வண்டி அனுப்ப மாட்டார்கள். நான் தெருவில் எல்லா வீட்டிலும் போய்ச் சொன்னேன். ஒரே ஞாயிற்றுக்கிழமைக்குள் எங்கள் கார் ஷெட் நிறைந்துவிட்டது: டிவிகள், ஓடாத கிரைண்டர், கீபோர்டு, டேப்ரெக்கார்டர், இலவச மின்விசிறி, பிரிண்டர். எடை சேர்ந்ததும் வண்டி வந்தது, எடை போட்டு ரசீதும் கொடுத்தார்கள். ஒற்றை ஆளாக அலைவதைவிட இது எவ்வளவோ எளிது.

கொடுக்கும் முன் கம்ப்யூட்டர், போன் விஷயத்தில் கவனம். ஆதார் நகல், பேங்க் விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் அதில் இருக்கும். போனில் சிம், மெமரி கார்டு இரண்டையும் எடுத்துவிட்டு, கூகுள் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்தேன். அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் ஆன் ஆகவே இல்லை, அதனால் ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, டிரில் மெஷினால் தட்டு இருக்கும் பகுதியில் நாலைந்து ஓட்டை போட்டேன். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சில டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் தட்டு கண்ணாடியால் ஆனது, சிதறும்.

ஒரு பழைய போனின் பேட்டரி உப்பிப் பின்மூடியையே தள்ளிக்கொண்டு நின்றது. இந்த மாதிரி லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ சார்ஜ் போட்டுப் பார்க்கவோ கூடாது. உலர்ந்த மணல் போட்ட மண்சட்டியில் வைத்து, மேலேயும் மணல் கொட்டி, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்தேன், வண்டிக்காரர்களிடம் தனியாகச் சொல்லிக் கொடுத்தேன். இதைச் சாதாரணக் குப்பையில் போட்டால் வண்டியில் அழுத்தும்போதே தீப்பிடிக்கும். பவர் பேங்க், குழந்தைகளின் ரிமோட் கார், புளூடூத் இயர்போன் எல்லாவற்றிலும் இதே பேட்டரிதான்.

பிரிட்ஜின் பின்பக்கத் தகட்டில் என்ன வாயு என்று எழுதியிருக்கும். ஆர்12 என்றால் ஓசோன் படலத்தை அரிக்கும் பழைய சி.எஃப்.சி. எங்களுடையது ஆர்134ஏ. இது ஓசோனை ஒன்றும் செய்யாது, ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைப் போல 1,430 மடங்கு. 100 கிராம் காற்றில் போனால் 143 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். இப்போது வரும் பிரிட்ஜ்களில் ஆர்600ஏ, அது தீப்பற்றும் வாயு. இரும்புக்கடையில் கம்ப்ரசருக்காகக் குழாயை வெட்டினால் எல்லாமே ஒரு நொடியில் போய்விடும். வாயுவை இழுத்துப் பிடிக்கும் கருவி இருக்கிறதா என்று கேட்டுத்தான் அதே மறுசுழற்சி வண்டியில் ஏற்றினேன். அதுவரை வெளியே இருந்த நாட்களில் கதவைக் கழற்றி வைத்தேன். பழைய பிரிட்ஜுக்குள் ஒளிந்து விளையாடும் குழந்தையால் உள்ளே இருந்து கதவைத் திறக்க முடியாமல் போகலாம்.

கொட்டகையில் இருந்தது வேறு வகைச் சங்கடம். பாதி பெயிண்ட் டின்கள், தின்னர், கரையானுக்கு அடித்த மருந்து, கழிவறை ஆசிட், பிளீச்சிங் பவுடர், எலி பேஸ்ட், அப்புறம் ஏதோ ஒரு தீபாவளியின் நமுத்த பட்டாசு. முதலில் செய்தது ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் வேறு வேறு மூலைக்கு நகர்த்தியது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும், மூடிய கொட்டகையில் ஆளையே சாய்த்துவிடும். தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயிண்டில் மரத்தூளும் மணலும் கொட்டி, மூடியைத் திறந்து வெயிலில் வைத்தேன், கட்டியானதும் காய்ந்த குப்பையாகப் போனது. எனாமல் பெயிண்ட், தின்னர், பூச்சிமருந்து, எலி பேஸ்ட் எதையும் காயவைக்கவோ கொட்டவோ இல்லை, அதது வந்த டப்பாவிலேயே லேபிளோடு அபாயக் குப்பை மையத்துக்குப் போயின. வேறு பாட்டிலுக்கு மாற்றினால் அடுத்து தொடுபவருக்கு உள்ளே என்ன என்றே தெரியாது. பழைய எனாமலை யாருக்காவது தானமாகக் கொடுக்கும் எண்ணமும் வேண்டாம். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது, அதற்கு முந்தைய டின்னில் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது, அது தொட்டிலுக்கோ பால்வாடி பெஞ்சுக்கோ போய்விடக் கூடாது. பட்டாசை வாளித் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி இரண்டு நாள் ஊறவைத்து, ஈரத்தோடு பையில் கட்டிச் சொல்லிக் கொடுத்தேன்.

கேஸ் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, விற்கும் உரிமை நமக்குக் கிடையாது. ஏஜென்சியில் இணைப்புச் சீட்டைக் காட்டி சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்தால் டெபாசிட் திரும்ப வரும்.

ஆபத்தெல்லாம் வெளியேறிய பிறகு மிச்சம் சுலபம். இலவம்பஞ்சு மெத்தைகளை மெத்தை தைப்பவர் பிரித்து, பஞ்சை உதறி வெயிலில் போட்டு, தலையணைகளாகத் தைத்துக் கொடுத்தார், அம்மா அதில் இரண்டு கொண்டு போகிறார். ஃபோம் மெத்தைக்குத்தான் வழி கிடைக்கவில்லை, மாநகராட்சி வண்டியைத் தனியாகக் கூப்பிட்டு ஏற்ற வேண்டி வந்தது. நல்ல நிலையில் இருந்த துணிகளைத் துவைத்து மடித்துத்தான் கொடுத்தேன், கிழிந்ததைத் தனியாக வைத்தேன், அது ஒர்க்ஷாப்பில் கை துடைக்க உதவும். பித்தளை அண்டாக்களை அம்மா உறவுக்காரர்களுக்குப் பங்கு பிரித்தார், சமையலுக்கு எடுக்கும் முன் வெள்ளீயம் பூச வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லித்தான் கொடுத்தார்.

போகி வரைக்கும் வைத்திருந்து கொளுத்திவிடலாமே என்று சொன்னவர்களும் உண்டு. பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்திய காலம் வேறு. இன்று நம் வீட்டுப் பழையதில் ரெக்ஸின், ஃபோம், பிளாஸ்டிக், டயர்தான் அதிகம். 2018 போகியன்று சென்னையில் புகையால் விமானங்கள் இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. அந்தப் புகையை முதலில் மூச்சில் இழுப்பது தீயைச் சுற்றி நின்று மேளம் அடிக்கும் நம் பிள்ளைகள்தான்.

இதன் பிறகுதான் இரும்புக்கடை அண்ணனைக் கூப்பிட்டேன். இரும்புக் கட்டில், அலுமினியப் பாத்திரம், செய்தித்தாள், பாட்டில், பழைய சைக்கிள் என்று எல்லாமே அவர் கைக்கு ஆபத்தில்லாதவை. தராசை நிறுத்திப் பார்த்துக் காசை அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒன்றை மட்டும் நாங்கள் தொடவே இல்லை. கொட்டகையின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் சீட். முழுசாக, அசையாமல் இருக்கும் வரை அதனால் பெரிய தொல்லை இல்லை, சுத்தியலால் உடைத்தால்தான் அதன் இழைகள் காற்றில் பறந்து நுரையீரலில் குத்தி நிற்கும். வீட்டை வாங்குபவர் இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். அவரிடமும் அவருடைய மேஸ்திரியிடமும் விஷயத்தை விளக்கி, சீட்டை நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, ஆணியை வெட்டி, உடைக்காமல் முழுசாக இறக்கி, தார்ப்பாயில் சுற்ற வேண்டும், வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் நல்ல மாஸ்க் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியே கொடுத்தேன். இடிக்கும் அன்று தானே நின்று பார்த்துக்கொள்வதாக மேஸ்திரி சொல்லியிருக்கிறார். தேதி தெரிந்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன், நானும் போவேன்.